முதன்மைப் புரதமும் மூலப் புரதமும்

அண்ணன், தம்பி இரண்டு பேருமே பிளம்பர்கள். அக்கம்பக்கத்தில் அண்ணனைப் பெரிய பிளம்பர் என்றும் தம்பியைச் சின்ன பிளம்பர் என்றும் கூப்பிடுவார்கள். சின்ன பிளம்பருக்கு ஐம்பத்திரண்டு வயது, பாதி வழுக்கை. அதனால் பேர் ஒன்றும் மாறிவிடவில்லை. பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தார். முப்பது வருஷமாக இருவரும் ஒரே வேனில் போய், ஒரே பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை செய்து வந்தார்கள்.

ஒரு நாள் பெரியவர் ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாயைக் கக்கூஸ் தொட்டிக்கு இணைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் போன் செய்தபோது எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அடுத்த மாதம் ஸ்பானரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேய், இது எதுக்குடா?" என்று கேட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, நரம்புச் சிதைவு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னார்.

நிலையம் ஏழு மாடிக் கண்ணாடிக் கட்டடம். வாசலில் 'மறதியை மறக்கடிப்போம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. முன்பதிவுக் கவுன்டரில் இருந்த பெண் பெரியவருக்குப் பன்னிரண்டு இலக்கத்தில் ஒரு பதிவு எண்ணைப் படித்துக் காட்டினாள். சின்ன பிளம்பர் பேனாவை எடுத்தார்.

"எழுதக் கூடாது சார். நோயாளியோட அந்தரங்கம். மனசுலதான் வெச்சுக்கணும்."

"அம்மா, ஞாபகம் இல்லேன்னுதானே இங்க கூட்டிட்டு வந்திருக்கேன்?"

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க," என்றாள் அவள், இந்தச் சாக்கையெல்லாம் நிறையக் கேட்டுப் பழகிய குரலில். எண்ணை மறந்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். காலையிலிருந்து நாலாவது முறையாக நிற்கும் ஒருவர், இதையே முதற்கட்டப் பரிசோதனையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார். சின்ன பிளம்பர் எண்ணைத் தன் தலைக்குள் போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடியே அண்ணன் கையைப் பிடித்து லிப்டில் ஏறினார்.

இந்த நிலையத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இந்த நோயில் மாட்டிக்கொண்ட மூளையில் இரண்டு வகைப் புரதங்கள் கெட்டுப்போகின்றன. ஒன்று நரம்புச் செல்லுக்கு வெளியே அழுக்குப்போல் படிகிறது. மற்றது செல்லுக்கு உள்ளே முறுக்கிக்கொள்கிறது. எது முதலில் கெட்டது என்று ஒரு காலத்தில் இரண்டு பேராசிரியர்களுக்குள் வாய்த்தகராறு வந்தது. ஒருவர் தன் புரதத்துக்கு 'முதன்மைப் புரதம்' என்று பெயரிட்டு நான்காம் மாடியில் ஒரு துறையைத் தொடங்கினார். மற்றவர் தலைமை இயக்குநரிடம் போய் முறையிட்டு, முதன்மைக்கும் முந்தியதாக ஒரு பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஐந்தாம் மாடியில் 'மூலப் புரதத் துறை'யை நிறுவினார். அன்றிலிருந்து ஐந்தாம் மாடி வரிசையில் பாதிப் பேர் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்து, மூலத்துக்கு வைத்தியம் என்று நம்பி வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கும் இல்லாததால், ஞாபகசக்தி நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுத்து, ஒப்பீட்டுக்கான ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

பெரியவரை நான்காம் மாடி எடுத்துக்கொண்டது. துறைத்தலைவர் உயரமானவர், கஞ்சி போட்டது போன்ற வெள்ளைக் கோட்டு. பெரியவரின் தோளில் கை போட்டு, முகத்தைப் பார்க்காமல், தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"ரொம்ப நல்ல மூளை. எங்க புரதம் அபாரமாப் படிஞ்சிருக்கு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. புரதம் கரைஞ்சு போயிடும்."

"கரைஞ்சா அண்ணனுக்குச் சரியாயிடுமா?"

"புரதம் கரைஞ்சிடும்," என்றார் துறைத்தலைவர், இன்னும் அழுத்தமாக.

ஊசிக்கு முன்னால் பெரியவரின் முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துச் சின்னக் குப்பியில் அடைத்தார்கள். பெரியவரே கையெழுத்துப் போட்டார். அப்போது அவரால் போட முடிந்தது. பெயருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைக்கும் பழைய பழக்கம்கூட விட்டுப்போகவில்லை.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு பெரியவர் நடக்கும்போது சுவரைப் பிடித்தார். ஐந்தாவது ஊசிக்குப் பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஏழாவது ஊசிக்குப் பிறகு தம்பியை, "ஐயா, வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார். தம்பி மனைவி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெரியவர் அவளுக்கு மூத்தார் என்று பேர்தான். இருபத்தைந்து வருஷமாக அவள் வைத்த குழம்பைக் குறை சொல்லாமல் சாப்பிட்ட ஒரே ஆள் அவர்.

சின்ன பிளம்பர் நான்காம் மாடிக்கு ஓடினார்.

"அவர் பிரமாதமா இருக்கார்," என்றார் துறைத்தலைவர், கணினித் திரையைப் பார்த்து. "எங்க புரதம் நாற்பது சதவீதம் குறைஞ்சிருக்கு."

"சார், அவருக்கு என்னையே தெரியல."

"அதெல்லாம் ஞாபகம் சம்பந்தப்பட்டது. ஐந்தாம் மாடி."

"விழுந்து விழுந்து எழுந்திருக்கார்."

"அது தசை. ரெண்டாம் மாடி. இங்க பாருங்க, நீங்க ரொம்பக் கவலைப்படறீங்க. நோயாளி நல்லா இருக்காரான்னு பாக்கறது சுலபம், யார் வேணும்னாலும் பாக்கலாம். புரதம் குறைஞ்சிருக்கான்னு பாக்கத்தான் நாங்க படிச்சிருக்கோம்."

"அப்ப ஊசியை நிறுத்திடலாமா சார்?"

"தாராளமா! நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை. விலகல் படிவத்துல நோயாளி கையெழுத்துப் போடணும். சேரும்போது போட்ட அதே கையெழுத்து. கோடு, ரெண்டு புள்ளி, எல்லாம்."

பெரியவரிடம் பேனாவைக் கொடுத்தார்கள். அவர் அதன் இரண்டு முனையையும் ஊதிப் பார்த்தார். அடைப்பு இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

படிவம் கிடக்கட்டும், அண்ணனை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் யார் வந்து இழுத்துப் போகப் போகிறார்கள்? இதைச் சின்ன பிளம்பரும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த ஊசிதான் அண்ணனைப் பிடித்து நிறுத்துகிற கடைசிக் கயிறாக இருந்தால்? அறுத்துவிட்ட பாவம் யாருக்கு? மனைவியிடம் கேட்டார். "தெரிஞ்சவங்களைக் கேளுங்க," என்றாள் அவள். தெரிந்தவர்கள் ஏழு மாடி நிறைய இருந்தார்கள்.

அடுத்த ஊசிக்குப் போன அன்று பெரியவர் லிப்டில் கைக்கு வந்த பொத்தானை அமுக்கிவிட, இருவரும் அடித்தளத்தில் போய் இறங்கினார்கள். பம்பு அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நுண்ணோக்கியின் மேல் குடையை விரித்துக் கட்டிவைத்து, அதன் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சின்ன பிளம்பருக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. வேனுக்குப் போய்ப் பையை எடுத்துவந்து பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டார்.

"மூணு வருஷமா எழுதிப் போட்டுட்டே இருக்கேன்," என்றார் ஆய்வாளர், குடையை மடக்கி. "நான் எந்த மாடியைச் சேர்ந்தவள்னு முடிவாகலையாம். முடிவானாத்தான் ஆள் அனுப்புவாங்களாம்."

"நீங்க எந்தப் புரதம்மா?"

"ரெண்டும்தான். அதான் பிரச்சினை." அவர் பெரியவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தக் கட்டடத்தில் அவருக்கு நாற்காலி போட்ட முதல் ஆள். "புரதம்னா ஒரு நீள நூல் மாதிரிங்க. சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். ஒண்ணு தப்பா மடிஞ்சா, தன்னைத் தொட்டதையும் தப்பா மடிய வைக்கும். அப்படியே கட்டி கட்டியாச் சேரும். ரெண்டு வகைப் புரதமும் தனித்தனியாக் கெட்டாக்கூட சிலருக்கு வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகறதில்லை. ரெண்டும் ஒண்ணையொண்ணு தூண்டிவிட ஆரம்பிச்சாத்தான் நோய் வேகம் பிடிக்குதுன்னு எனக்குத் தோணுது."

"அப்ப கோளாறு ஜாயின்ட்ல."

ஆய்வாளர் மடக்கிய குடையைக் கீழே வைத்தார். "இந்த ஒரு வரியை இந்தக் கட்டடத்துக்குப் புரிய வைக்க எனக்கு ஆறு வருஷம் பத்தல."

"எங்க தொழில்ல நடுக்குழாய்ல ஒழுகறது அபூர்வம்ங்க. இந்தக் குழாய் போட்டவன் ஒருத்தன், அந்தக் குழாய் போட்டவன் ஒருத்தன்னா, ஜாயின்டை எவனும் பாக்க மாட்டான்."

ஊசியைப் பற்றிக் கேட்டதும் ஆய்வாளரின் முகம் மாறியது. வெளியே படிந்த கட்டியை ஊசி உடைக்கிறது. உடைந்த துணுக்குகள் சிலருக்குச் செல்லுக்குள் இருக்கும் மற்றப் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளலாம்; அப்படியானால் ஊசியே நோயை வேகமாக்கிவிடும். இது அவருடைய சந்தேகம் மட்டும்தான். பெரியவர் அந்தச் 'சிலரி'ல் ஒருவரா என்று தெரிய, ஊசிக்கு முன் எடுத்த முதுகுத்தண்டு நீரில் கால் ஸ்பூன் போதும்.

"இன்னும் ஒரு பரிசோதனை, ஒரு வாரம்," என்றார். "கட்டாயம் பதில் சொல்லிடுவேன். அந்தக் குப்பியை மட்டும் வாங்கிக் குடுங்க."

குப்பி ஃப்ரீசரில் இருந்தது. ஃப்ரீசர் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே, படி திரும்பும் இடத்தில் இருந்தது. இரண்டு துறைக்கும் பொது என்பதால் இரண்டு பூட்டு, இரண்டு சாவி. 'முதலில் முதன்மைச் சாவியைப் போட வேண்டும்' என்று விதி. எந்தத் துறையின் சாவி முதன்மைச் சாவி என்பதில் கருத்து வேறுபாடு இருந்ததால் பதினான்கு மாதமாக அதை யாரும் திறக்கவில்லை. குப்பிகளை உள்ளே போட மட்டும் மேலே ஒரு துளையும் ரப்பர் மூடியும் வைத்திருந்தார்கள். போடுவதில் தகராறு இல்லை, எடுப்பதில்தான்.

அந்த இடத்தில் ஒரு வாடை அடித்தது. அது மேலிருந்து வருகிறது என்றார்கள் நான்காம் மாடிக்காரர்கள். கீழிருந்து வருகிறது என்றார்கள் ஐந்தாம் மாடிக்காரர்கள். இரு தரப்பும் அவரவர் கதவில் வாசனைத் திரவம் அடித்துக்கொண்டார்கள். அது ரோஜா, இது எலுமிச்சை.

ஐந்தாம் மாடித் துறைத்தலைவரான அம்மையாரிடம் சின்ன பிளம்பர் போய் நின்றார். குள்ளமான உருவம், மெல்லிய குரல்.

"உங்க அண்ணன் நான்காம் மாடி மூளையாச்சே," என்றார் அம்மையார் வருத்தத்தோடு. "எங்ககிட்ட முதல்லயே வந்திருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டோம். இப்ப அது கெட்டுப்போன மூளை. அறிவியல்ரீதியா எங்களுக்கு உபயோகப்படாது."

"உபயோகம் வேணாம்மா. உங்க சாவியை மட்டும் போடுங்க."

"போடறேனே. அவர் பின்னால போட்டா நான் முன்னால போடறேன்."

இப்படிப்பட்ட சிக்கல்களுக்காகவே நிலையத்தில் இடைவினைக் குழு என்று ஒன்று இருந்தது. புரதங்கள் ஒன்றோடொன்று எப்படி ஊடாடுகின்றன என்று ஆராய்வது அதன் பணி. பதினொரு வருஷமாகக் கூடிவருகிறது. நான்காம் மாடி உறுப்பினர்கள் ஓர் அறையிலும் ஐந்தாம் மாடி உறுப்பினர்கள் அடுத்த அறையிலும் உட்கார்ந்தார்கள். ஒருவர் பேசியதை எழுதி மற்ற அறைக்குக் கொண்டுபோகும் பியூன் அன்று விடுப்பு. அதனால் ஃப்ரீசரைத் திறக்கக் கேட்கும் தன் மனுவைச் சின்ன பிளம்பரே அங்கேயும் இங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடினார். பதினேழு தடவை. பதினெட்டாவது தடவை செயலாளர் இரண்டு கதவுக்கும் நடுவே நடைபாதையில் நின்று பேசினார்.

"இடைவினைங்கறது சாதாரண விஷயம் இல்லைங்க. ரெண்டு பொருள் சந்திச்சா என்ன ஆகும்னு தெரியாம அதுங்களைச் சந்திக்க விடறது பொறுப்பில்லாத வேலை. அதனாலதான் முதல்ல 'சந்திப்பு'ங்கற சொல்லுக்கு விளக்கம் எழுதிட்டிருக்கோம். வரைவு ஒன்பதாவது பதிப்புக்கு வந்திருக்கு. பெருமையாச் சொல்றேன், இந்தப் பதினொரு வருஷத்துல எங்க குழுவால யாருக்கும் எந்தத் தீங்கும் வந்ததில்லை."

மனுவை நோயாளியே நேரில் வந்து, தன் பதிவு எண்ணைச் சொல்லி, வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று தீர்மானமானது. பெரியவரை நடைபாதையில் நிறுத்தினார்கள்.

"உங்க எண் சொல்லுங்க ஐயா."

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். "அரை இஞ்ச்," என்றார். பிறகு செயலாளரின் கழுத்தை அளப்பதுபோல் பார்த்து, "முக்கால் போடலாம்," என்றார்.

மனு தள்ளுபடியானது. ஆனால் செயலாளருக்கு இரக்க குணம் உண்டு. சின்ன பிளம்பரைத் தனியே கூப்பிட்டு, அந்த ஆண்டை நிலையம் இடைவினை ஆண்டாக அறிவிக்கப் போவதாகவும், தொடக்க விழாவில் இரண்டு துறைத்தலைவர்களும் முதன்முறையாக ஒரே மேடையில் உட்காரப் போவதாகவும் சொன்னார். "உங்க அண்ணனை மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. நோயாளியோட முகம்னு ஒண்ணு இருந்தா போட்டோ நல்லா வரும். ரெண்டு பேரும் சாவியோட இருப்பாங்க. தலைமை இயக்குநர் முன்னாடி மாட்டேன்னு சொல்ல முடியாது பாருங்க."

அதற்குள் இன்னும் இரண்டு ஊசி ஆகியிருந்தது. சின்ன பிளம்பர் சம்மதித்தார்.

அண்ணனுக்கு முகம் வழித்து, நல்ல சட்டை போட்டு, பவுடர் பூசிக் கூட்டிப்போனார்கள். மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு, அந்தப் பக்கம் அம்மையார். தம்பியும் மனைவியும் முன்வரிசையில். அடித்தள ஆய்வாளருக்கு அழைப்பு இல்லை. அவர் கடைசியில், கதவோரமாக நின்றார்.

தலைமை இயக்குநர் எழுந்தார். "நோயாளியின் கண்ணியம்!" என்று ஆரம்பித்தார். "அதுவே நமது நிலையத்தின் அடித்தளம். இதோ நம் நடுவே வீற்றிருக்கும் பெரியவரைப் பாருங்கள். இவருடைய புரதம் நாற்பது சதவீதம் குறைந்திருக்கிறது. இவர் வெறும் மனிதர் அல்ல. இவர் ஒரு முடிவு!"

கைதட்டல். அது அடங்கியபோது, மேடைப் பலகையில் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம் கேட்டது. பெரியவரின் நாற்காலியின் கீழே ஈரம் பரவி, விரிப்பின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் மேலே, கூரையில் குழாயைத் தேடினார்.

தலைமை இயக்குநர் ஒரு வாக்கியத்தைக்கூட விடவில்லை. கால்களை மட்டும் அகட்டி வைத்துக்கொண்டு கண்ணியத்தைப் பற்றித் தொடர்ந்தார். அம்மையார் குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்தது. மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவையோர் கவனிக்க வேணும். இது கட்டுப்பாட்டு இழப்பு. அதாவது மூலப் புரதத்தோட செயல்பாடு. நான்காம் மாடி ஊசி எங்க புரதத்தை ஒண்ணும் பண்ணலைங்கறதுக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேணுமா?"

"வயசானவங்களுக்கு இது சகஜம்!" என்று வெள்ளைக் கோட்டு எழுந்து மைக்கைப் பிடுங்கினார். "எங்க முடிவுகள்ல சிறுநீரைக் கணக்குல எடுக்கறதே இல்லை!"

"எடுத்தா தெரியும்!"

"எங்க நோயாளியோட சிறுநீர் எங்க தரவு! உங்களுக்கு அதைப் பத்திப் பேச உரிமை இல்லை!"

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தைபோல் உதட்டைப் பிதுக்கினார். சின்ன பிளம்பர் மேடையில் ஏறினார். தன் சட்டையைக் கழற்றி அண்ணன் இடுப்பில் சுற்றிக் கட்டினார். "வாண்ணே, போலாம்," என்றார். நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து அரங்கம் கைதட்டியது. யாரோ எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலின் நடுவே சின்ன பிளம்பர் அண்ணனை மேடையிலிருந்து இறக்கினார். முப்பது வருஷமாக அடைத்துக்கொண்ட சாக்கடைகளில் கையை விட்டவர் அவர். ஒரு நாளும் இவ்வளவு அழுக்கைப் பார்த்ததில்லை.

அண்ணனை மனைவியிடம் விட்டு, வேனில் மாற்றுத் துணி இருக்கிறது என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு பனியனோடு படியேறினார். அடித்தள ஆய்வாளர் பின்னாலேயே ஓடிவந்தார். "வேணாங்க, உங்களைச் சும்மா விட மாட்டாங்க," என்றாரே தவிர, தடுக்கவில்லை. சின்ன பிளம்பர் பூட்டுகளைத் தொடவில்லை. கதவைப் பூட்டுகிறவர்கள் கீலைப் பார்ப்பதில்லை. கீலின் ஆணிகளைத் தட்டி எடுத்து, கதவைப் பூட்டுகளோடு சேர்த்து இந்தப் பக்கமாகத் திறந்தார்.

வாடை முகத்தில் அறைந்தது. ஆய்வாளர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். உள்ளே குளிர் இல்லை. நூற்றுக்கணக்கான குப்பிகள் துளை வழியே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உடைந்து, அவற்றிலிருந்த எல்லாம் அடித்தட்டில் ஒன்றாகக் கலந்து, மஞ்சளாக, மேலே பூசணம் பூத்து, கொழகொழவென்று நின்றது. நான்காம் மாடிக் குப்பிகளுக்கு நீல மூடி, ஐந்தாம் மாடிக்குச் சிவப்பு மூடி. இரண்டும் அதில் சேர்ந்து மிதந்தன. அந்த நிலையத்தில் இரண்டு புரதங்களும் சந்தித்துக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

பின்னால் பிளக் தரையில் கிடந்தது. அதன்மேல் விரல் கனத்துக்குத் தூசி. சின்ன பிளம்பர் எத்தனையோ தடவை அந்தப் பெட்டிமேல் சாய்ந்துகொண்டு காத்திருந்திருக்கிறார். அது சத்தமே போட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆய்வாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். "பதினாலு மாசமா எதையும் வெளிய எடுக்கவே இல்லை," என்றார் மெதுவாக. "அப்ப அந்த நாற்பது சதவீதத்தை எதுல அளந்தாங்க?"

சத்தம் கேட்டு வெள்ளைக் கோட்டு மேலே வந்தார். அம்மையாரும் வந்தார். சின்ன பிளம்பர் அதே கேள்வியை வெள்ளைக் கோட்டிடம் கேட்டார்.

"அது மதிப்பீடு," என்றார் வெள்ளைக் கோட்டு, பின்வாங்காமல். "ஊசி போட்டா நாற்பது சதவீதம் குறையணும். உங்க அண்ணனுக்கு ஊசி போட்டோம். அப்புறம் எதுக்கு அளக்கணும்?"

அம்மையார் சிரிப்பார் என்று எதிர்பார்த்தால் அவரும் தலையை ஆட்டினார். "அது உலகம் பூரா உள்ள நடைமுறைதான்," என்றார். பதினொரு வருஷத்தில் அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் விஷயம்.

இரண்டாவது விஷயம் மறுநாளே நடந்தது. இரண்டு துறைத்தலைவர்களும் ஒரே தாளில், ஒருவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒருவர் கையெழுத்திட்டு, கூட்டாக ஒரு புகார் எழுதினார்கள். சின்ன பிளம்பர் அனுமதியின்றி மாதிரிகளுக்குள் இடைவினையை ஏற்படுத்தினார் என்றும், அடித்தள ஆய்வாளர் அதற்கு உடந்தை என்றும். இடைவினை ஆண்டின் முதல் சாதனை இந்தக் கூட்டறிக்கை என்று தலைமை இயக்குநர் பாராட்டினார். ஆய்வாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் எந்த மாடியைச் சேர்ந்தவர் என்பது அதற்காக அரை மணி நேரத்தில் முடிவானது. ஒழுங்கு நடவடிக்கையாகப் பெரியவரின் பெயரை ஊசிப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். கையெழுத்து எதுவும் கேட்கவில்லை.

ஊசி நின்றது. தலைவலி குறைந்தது. ஆனால் பெரியவர் பழையபடி நடக்கவில்லை, பேச்சும் நாளுக்கு நாலு வார்த்தையாகச் சுருங்கியது. நிலையத்தின் ஆண்டறிக்கை தபாலில் வந்தது. அட்டையில் பெரியவரின் படம், இடுப்புக்கு மேலே மட்டும். கீழே 'நாற்பது சதவீதம்' என்று அச்சிட்டிருந்தது. சின்ன பிளம்பர் மனைவி அதை அண்ணனின் படுக்கைக்குக் கீழே விரித்துப் பார்த்தாள். வழவழவென்ற தாள், ஒரு சொட்டு ஈரத்தைக்கூட உறிஞ்சவில்லை. எடுத்து வெளியே எறிந்தாள்.

ஆய்வாளருக்கு வேறோர் ஊரில் ஒரு சின்னக் கல்லூரியில் வேலை கிடைத்தது. பக்கத்துத் தெரு டாக்டரை விட்டு முதுகுத்தண்டு நீரைப் புதிதாக எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். ஆறு வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

"ரெண்டும் ஒட்டிக்கிட்டுத்தாங்க இருக்கு," என்றார். "நிறைய."

சின்ன பிளம்பர் போனை இறுக்கிப் பிடித்தார். "ஊசியாலயா அம்மா? நான் கூட்டிட்டுப் போய்ப் போட்டேனே, அதனாலயா? இல்ல, முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சா?"



"எனக்குத் தெரியலைங்க. பொய் சொல்ல விரும்பல. ஊசிக்கு முன்னாடி எடுத்த நீர் இருந்திருந்தா ஒப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அது இல்லாம இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

"யாராலயுமா?"

"யாராலயும்."

அவர் போனை வைத்துவிட்டு அண்ணன் அறைக்குப் போனார். பெரியவர் ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தம்பி தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, நான் உனக்கு நல்லது பண்ணினேனா கெட்டது பண்ணினேனான்னு தெரியாதாம்," என்றார். "இனிமே தெரியவே தெரியாதாம்."

பெரியவர் அந்தப் பாதி வழுக்கைத் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, ஒழுகும் வீட்டுக்காரர்களிடம் பேசுகிற அதே மரியாதைக் குரலில், "கவலைப்படாதீங்க சார்," என்றார். "என் தம்பியை அனுப்பறேன். அவன் பாத்துக்குவான்."